ஒரு பிள்ளையோடு நிறுத்திவிட்டோம், ஏரி ஏன் இன்னும் சுருங்குகிறது?

வேளச்சேரிக்காரன்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தாவுக்கு ஏழு பிள்ளைகள். அப்பாவுக்கு நாங்கள் நாலு பேர். எனக்கு ஒரே மகள். தம்பிக்கும் ஒன்றுதான், தங்கைக்கு இரண்டு. எங்கள் தெருவில் எந்த வீட்டைக் கேட்டாலும் இதே கதைதான்.

1994-ல் தென்சென்னையில் வேளச்சேரியில் வீடு கட்டிக் குடிவந்தேன். அப்போது மொட்டை மாடியில் நின்றால் தெற்கே கோரைப்புல்லும் தண்ணீரும் தெரியும். பொழுது சாயும் நேரத்தில் நீர்க்காகங்கள் வரிசையாகப் போகும். இன்று அதே மாடியில் நின்றால் எதிர் அடுக்ககத்தின் ஏசி பெட்டிகள்தான் தெரிகின்றன.

2015 டிசம்பரில் எங்கள் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். 2019 கோடையில் அதே வீட்டு வாசலில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் இரண்டுக்கும் ஒரே காரணம்தான் சொல்வார்: "ஜனத்தொகை பெருத்துப் போச்சு சார்."

எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. பிள்ளை பெறுவது குறைந்துகொண்டே வந்த அதே முப்பது வருடத்தில்தானே மாடியிலிருந்து தெரிந்த அந்தப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கியது? மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவளுக்காக அந்தச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கம் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். போன வாரம் அந்த இடத்தில் போய் நின்றபோது காலடி மண் மெத்தென்று இருந்தது. அன்றிலிருந்து இந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வானம்பார்த்தபூமி:

பெரியவர் சொன்னது சரிதான் சார். நான் நாமக்கல் பக்கம் விவசாயி. 1951-ல் இந்தியாவில் 36 கோடிப் பேர். 2011-ல் 121 கோடி. 2023-ல் சீனாவையும் தாண்டிவிட்டோம். நிலம் அன்றைக்கு இருந்த அதே நிலம். மழையும் ஏறக்குறைய அதே மழை. பங்கு போட்டால் ஒருவருக்கு என்ன மிஞ்சும்?

எங்கள் குடும்பத்தையே சொல்கிறேன். தாத்தாவுக்குப் பன்னிரண்டு ஏக்கர், ஒரு கிணறு. அறுபது அடியில் தண்ணீர். இன்று பங்காளிகள் ஐந்து பேர். என் பங்குக்கு இரண்டரை ஏக்கருக்கும் குறைவு. கிணறு வறண்டு முள் முளைத்துக் கிடக்கிறது. ஆளுக்கொரு போர் போட்டிருக்கிறோம், என்னுடையது 900 அடி. தாத்தாவுக்கு ஒரே மகன் இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா? ஆங்கிலப் பொருளாதார அறிஞர் மால்தஸ் 1798-லேயே சொன்னார், ஜனம் பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏறும், விளைச்சல் கூட்டல் வாய்ப்பாட்டில்தான் ஏறும் என்று. எங்கள் வரப்பில் நின்று பார்த்தால் அவர் சொன்னது புரியும்.

செவிலிஅக்கா:

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 1983-ல் தர்மபுரி மாவட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டில் நடந்த கட்டாயக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சைகளைப் பற்றி எனக்கு மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சேர்ந்தபோது அந்தக் கெடுபிடி இல்லை. ஆனாலும் இலக்கு இருந்தது. மார்ச் மாதம் நெருங்கினால் 'கேஸ்' சேர்க்க ஊர் ஊராக ஓடுவோம். எத்தனை பேர் என்று மேலே கணக்குக் காட்ட வேண்டும். ஒரு பெண்ணின் உடம்பைப் பார்த்து எண்ணிக்கையை நினைத்த நாட்கள் எனக்கும் உண்டு. இன்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. 1996-ல்தான் அரசு அந்த இலக்கு முறையைக் கைவிட்டது.

ஆனால் அந்த ஓட்டத்தால் மட்டும் குடும்பம் சிறுத்துவிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது தாய்மார்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "பெத்தது நிக்குமா சிஸ்டர்?" ஒரு வீட்டில் ஐந்து பெற்று மூன்று தங்கிய காலம் அது. தடுப்பூசி போட்டோம், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தோம். பெற்ற பிள்ளை நிலைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. 1982-ல் சத்துணவு விரிவானதும் பெண் பிள்ளைகள் பள்ளியில் கூடுதலாகத் தங்க ஆரம்பித்தார்கள். பத்தாவது வரை படித்த பெண் இருபது வயதுக்கு மேல்தான் கல்யாணம் என்றாள். இரண்டு போதும் என்று அவளே முடிவெடுத்தாள், நான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதற்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 'இரண்டு போதும், அதில் ஒன்று ஆணாக இருக்கணும்' என்று நினைத்த வீடுகளில் பெண் சிசுக்கள் போனார்கள். சேலம் பக்கம் 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததே அதனால்தான். சிறு குடும்பத்துக்கு எங்கள் பெண்கள் கொடுத்த விலையில் அதுவும் சேர்த்தி.

இவ்வளவுக்கும் பிறகு, ஏரியில் தண்ணீர் இல்லை என்றதும் மறுபடியும் எங்கள் வயிற்றைத்தான் காட்டுவீர்களா?

கணக்குப்பிள்ளை:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு உடனே பதில் போட முடியவில்லை. சரி, எண்களைப் பார்ப்போம், அதில்தான் வேளச்சேரிக்காரர் கேட்டதற்கு விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஜனத்தொகை நிலையாக நிற்க ஒரு பெண்ணுக்குச் சராசரி 2.1 குழந்தைகள் வேண்டும். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 1.8. இந்தியா முழுவதற்குமே 2.0. ஆக, பிறப்பில் நாம் எப்போதோ இறங்கிவிட்டோம்.

இப்போது 2001, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை அருகருகே வையுங்கள். தமிழ்நாட்டில் தலைகள் 6.24 கோடியிலிருந்து 7.21 கோடி ஆயின. பதினைந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். அதே பத்து வருடத்தில் குடும்பங்கள் 1.42 கோடியிலிருந்து 1.85 கோடி ஆயின. கிட்டத்தட்ட முப்பது சதவீதம்! தலை கூடியதைப்போல இரு மடங்கு வேகத்தில் அடுப்பு, அதாவது குடும்பம், கூடியிருக்கிறது.

கூட்டுக் குடும்பம் பிரிந்தது, ஆயுள் கூடியது, பிள்ளை வெளியூரில், பெற்றோர் தனியாக. எட்டுப் பேர் இருந்த வீட்டில் ஒரு குளியலறை, ஒரு ஃப்ரிட்ஜ், ஒரு மோட்டார். அதே எட்டுப் பேர் மூன்று வீடாகப் பிரிந்தால் எல்லாம் மூன்று. மனையும் மூன்று. ஏரிக்கு மேல் உட்காருவது மனைதான்.

வானம்பார்த்தபூமி ஐயா, உங்கள் கதையிலும் அதுதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பன்னிரண்டு ஏக்கர் பன்னிரண்டு ஏக்கராகத்தான் இருக்கிறது, போர் மட்டும் ஐந்து. ஐந்து பங்காளிகளும் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்திருந்தால் 900 அடிக்குப் போயிருப்போமா?

வானம்பார்த்தபூமி:

முறை வைத்து இறைக்கிற காலத்தில் ராகியும் சோளமும் போட்டோம் தம்பி. தாத்தா கவலை மாடு பூட்டி இறைத்தார். ஒரு நாளைக்கு மாடு எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான் தண்ணீர். பம்புசெட் வந்தது, 1990-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரமும் இலவசம். கரும்பும் மரவள்ளியும் போட்டோம். அது எங்கள் தப்பு என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் யாருக்காக விளைவித்தோம்? வாய் கூடியதால்தானே விளைச்சலைக் கூட்டச் சொன்னார்கள்?

கணக்குப்பிள்ளை:

நியாயமான கேள்வி. 1960-களில் நாடு கப்பல் கோதுமைக்குக் கையேந்தி நின்றது உண்மை. அமைச்சர் சி.சுப்பிரமணியமும் வேளாண் விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதனும் அன்று எடுத்த முடிவால்தான் பசி தீர்ந்தது. ஐ.ஆர்.எட்டு நெல், யூரியா, பம்புசெட் மூன்றும் சேர்ந்து வந்தன. சோறு விஷயத்தில் மால்தஸ் தோற்றார். ஆனால் அந்தச் சோற்றுக்கான கடன் நிலத்தடி நீரில் எழுதப்பட்டது, அதை நீங்கள்தான் 900 அடியில் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில் நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை.

ஓஎம்ஆர்ராஜா:

பிறப்பு குறைந்தால் என்ன, ஆட்கள் வந்துகொண்டேதானே இருக்கிறார்கள்? சென்னையில் எத்தனையோ பேர் வெளியூர். இப்போது வடமாநிலத்திலிருந்து ரயில் ரயிலாக வருகிறார்கள். இந்த ஊர் எத்தனை பேரைத் தாங்கும்? அதைப் பேசாமல் அடுப்பு எண்ணுவதில் என்ன பயன்?

சென்ட்ரிங்கையா:

சார், நான் கட்டட வேலை மேற்பார்வை பார்க்கிறவன், சொந்த ஊர் திருவாரூர் பக்கம். நானும் வந்தவன்தான். என் சைட்டில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த நாற்பது பேர் இருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் ஒரு அறைக்கு எட்டுப் பேர். நாற்பது பேருக்கும் சேர்த்து ஒரு சின்டெக்ஸ் தொட்டி, இரண்டாயிரம் லிட்டர். குளிக்க, துவைக்க, சமைக்க எல்லாம் அதில்தான். ஆளுக்கு ஐம்பது லிட்டர் கணக்கு வருகிறது. நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று வைத்துத்தான் நாங்கள் தொட்டியே கட்டுகிறோம். அவர்கள் கட்டுகிற அடுக்ககத்தில் நீச்சல் குளம் தனி.

சைட்டில் மண் அடிக்கும்போது நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆள் உயரத்துக்கு லாரி லாரியாகக் கொட்டுவோம், அடியில் ஊறிக்கொண்டே இருக்கும். அங்கே குடிவரப் போவது அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட இல்லை. அவர்கள்மேல் பழி போடாதீர்கள் சார், நெஞ்சு பொறுக்கவில்லை.

ஓஎம்ஆர்ராஜா:

நீங்கள் சொல்வதை நான் யோசித்ததில்லை. அந்த வார்த்தைகளைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் ஊர் பெருத்தது என்பது பொய்யில்லையே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கழுவெளி:

நான் பதினைந்து வருடமாகப் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கப் போகிறவள். ஊர் பெருத்தால் ஏரி போகத்தான் செய்யும் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். மாம்பலத்தில் நீளமான ஒரு ஏரி இருந்தது. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று இன்றும் பலகை இருக்கிறது, ஏரியைத்தான் காணோம். அன்றைக்கு மதராஸின் ஜனத்தொகை எவ்வளவு தெரியுமா? ஐந்து லட்சம், ஆறு லட்சம். இன்று ஒரு கோடியை ஒட்டி நிற்கும் ஊர் செய்கிற அதே வேலையை, ஆறு லட்சம் பேர் இருந்தபோதே தொடங்கிவிட்டோம். நுங்கம்பாக்கம் ஏரிப் படுகையில்தான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள்.

பள்ளிக்கரணை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் வேளச்சேரிக்காரர் வீட்டில் ஏன் தண்ணீர் வந்தது என்பதும் தெரியும். தென்சென்னையின் ஏரிகள் ஒன்று நிரம்பி ஒன்றுக்கு வழியும். மேலே இருக்கும் ஏரியின் கலங்கலில் (நிரம்பினால் வழிகிற தடுப்பில்) வழிகிற மிகைநீர் கீழ் ஏரிக்கு வரத்து. மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று எல்லாம் கடைசியில் பள்ளிக்கரணைக் கழுவெளிக்குத்தான், அதாவது சதுப்பு நிலத்துக்குத்தான், வந்து சேரும். அங்கே தண்ணீர் பரந்து, மெதுவாக நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் முகத்துவாரத்துக்கும் போகும். அந்தப் பரப்பு 1960-களில் சுமார் 5,500 ஹெக்டேர் என்று சொல்வார்கள். இன்று அதில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிச்சம். நடுவில் பெருங்குடிக் குப்பை மேடு, சாலைகள், ரயில் பாதை, கணினி நிறுவனங்கள்.

2015 டிசம்பர் 1-ஆம் தேதியை ஒட்டி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அந்தத் தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடித்தான் உங்கள் தரைத்தளத்துக்கு வந்தது சார். சென்னைக்கு வருடம் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி மூன்று மாதத்தில் கொட்டிவிடும். தேக்கி வைக்க இடம் இருந்தால் மிச்சமுள்ள ஒன்பது மாதத்துக்கு அதுதான் சொத்து. இடத்தை அடைத்துவிட்டோம். அதனால் மழை வந்தால் வெள்ளம், போனால் வறட்சி. 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று ஊருக்குக் குடிநீர் தரும் நாலு ஏரியும் காய்ந்து, ஜூலை மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே. ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். மழைத் தண்ணீர் கடலுக்கு ஓடிய ஊருக்கு, வேறு ஊரின் குடத்திலிருந்து.

2007-ல் ஒரு பகுதியைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மிச்சமாவது நிற்கும் என்று நம்பித்தான் ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன்.

நொய்யல்கரை:

திருப்பூரிலிருந்து. தலை எண்ணிக்கை பற்றி எங்கள் நொய்யல் ஆறு ஒன்று சொல்லும். ஒரத்துப்பாளையம் அணையை 1992-ல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். கொஞ்ச வருடத்தில் அதில் சாயக் கழிவு தேங்கியது. கீழே இருந்த விவசாயிகள் 'அணையைத் திறக்காதே' என்று போராடினார்கள். பாசன அணையைத் திறக்க வேண்டாம் என்று விவசாயியே கேட்ட கொடுமை எங்கள் ஊரில்தான் நடந்தது. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது.

அந்த ஆற்றைக் கெடுத்த பனியனைத் திருப்பூர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து போட்டுக் கிழிக்க முடியுமா? பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனது. அங்கே பல நாடுகளில் ஜனத்தொகை வளரவே இல்லை. எங்கள் ஆற்றில் நிறம் மட்டும் வளர்ந்தது.

எங்கள் ஊருக்கு அதனால் சோறு கிடைத்தது, அதையும் மறைக்க மாட்டேன். என் அப்பா பட்டறையில் வேலை பார்த்துத்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வானம்பார்த்தபூமி:

எல்லாவற்றையும் படித்தேன். அடுப்புக் கணக்கும் பனியன் கணக்கும் மனசில் நிற்கிறது. ஆனாலும் ஒரு இடத்தில் நான் இறங்கி வர மாட்டேன். 2022 நவம்பரில் உலகம் 800 கோடி. நான் பிறந்த 1960-ல் 300 கோடி. தலை குறைந்தால் அடுப்பும் ஒருநாள் குறையத்தானே வேண்டும்? எண்ணிக்கைக்குச் சம்பந்தமே இல்லை என்று பேசினால் அதுவும் பொய்.

கணக்குப்பிள்ளை:

சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் ஐயா. 800 கோடிப் பேருக்குச் சோறும் தண்ணீரும் கூரையும் வேண்டும், அந்தப் பாரம் பூமிக்கு உண்டு. ஆனால் அந்தப் பாரம் ஆளுக்கு ஆள் ஒன்றல்ல. ஒரு அமெரிக்கர் வருடத்துக்குச் சுமார் 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார், ஒரு இந்தியர் சுமார் 2 டன். நம் நாட்டுக்குள்ளேயே சென்ட்ரிங்கையா சைட்டில் இருப்பவருக்கும் எனக்கும் அதே வித்தியாசம் இருக்கும்.

இன்னொன்று, வேகம். பிறப்பு 2.1-க்குக் கீழே வந்த பிறகும் ஜனத்தொகை சில பத்தாண்டுகள் ஏறும். முன்பு பிறந்தவர்கள் இப்போதுதான் பெற்றோர் ஆகிறார்கள், வயதானவர்கள் நீண்ட நாள் வாழ்கிறார்கள். உலக ஜனத்தொகை 2080-களில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொட்டு இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. அது தானாக இறங்க நாம் அறுபது வருடம் காத்திருக்கலாம். ஒரு ஏரி போக ஐந்து வருடம் போதும். அதனால்தான் எண்ணிக்கையை விட்டுவிட்டு மனையையும் மதகையும் பேசுவோம் என்கிறேன். செவிலி அக்கா சொன்ன வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பெண்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.

செவிலிஅக்கா:

நன்றி தம்பி. வேலைக்குச் சேர்ந்த வருடத்தில் பார்த்த ஒரு தாயின் பேத்தியைப் போன மாதம் பேருந்தில் பார்த்தேன். வேலைக்குப் போகிறாள், ஒரு குழந்தை. சென்னையில் வாடகை வீடு, மூன்றாம் மாடி, வாரம் இரண்டு லாரி தண்ணீர் வாங்குகிறார்களாம். "பாட்டி ஊரில் தண்ணீருக்கு நடந்தாள், நான் காசு கட்டுகிறேன்" என்றாள்.

வேளச்சேரிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், காரணம் இருக்கிறது.

'தண்ணீர் பழைய வீட்டைத் தேடி வந்தது' என்று கழுவெளி எழுதியதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. முப்பது வருடமாக நான் எதிர் அடுக்ககத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுப் பட்டாவை எடுத்துப் பார்த்தேன். சட்டப்படி எல்லாம் சரி. ஆனால் 1994-ல் அஸ்திவாரம் தோண்டியபோது மூன்றடியில் கறுப்புக் களிமண்ணும் நத்தை ஓடும் வந்ததை மேஸ்திரி கையில் எடுத்துக் காட்டினார். 'ராசியான மண்' என்று சந்தோஷப்பட்டேன். அப்போது அது என்ன என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

பெரும்பாக்கம் ஃப்ளாட்டுக்கு வருவாய்த்துறைப் பதிவேட்டின் நகலும் பழைய புல வரைபடமும் வாங்கிப் பார்த்தேன். மனை நஞ்சை என்று இருக்கிறது, பட்டாவும் சுத்தம். ஆனால் வரைபடத்தில் கிழக்கு ஓரமாக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் காங்கிரீட் சாலையும் காவலாளி அறையும் இருக்கின்றன. விற்பவரிடம் கேட்டேன். "அதெல்லாம் பழைய கணக்கு சார், இப்போ தண்ணியே வர்றதில்ல" என்றார்.

வீட்டில் பேசினோம். மகள்தான் முதலில் சொன்னாள், "மாடியிலேயே இரண்டு அறை எடுத்துக் கட்டிவிடலாம் அப்பா, தனி வீடு எதற்கு?" என்று. மாப்பிள்ளைக்கும் சம்மதம். கணக்குப்பிள்ளை சார், ஒரு அடுப்பு குறைந்ததா என்று தெரியவில்லை, ஒரு மனை குறைந்தது. அட்வான்ஸில் பாதிதான் திரும்பும் என்கிறார்கள். போகட்டும்.

சென்ட்ரிங்கையா:

மாடி எடுக்கும் முன்னால் பழைய தூண்களைச் சோதிக்காமல் ஆரம்பிக்காதீர்கள் சார், வெள்ளம் நின்ற வீடு. மழைநீர்த் தொட்டியும் அதே கையோடு போட்டுவிடுங்கள். கிணறு இருந்தால் மொட்டை மாடிக் குழாயை மணல், ஜல்லி வடிகட்டி வைத்து நேராக அதில் விடலாம், செலவு அதிகமில்லை.

வானம்பார்த்தபூமி:

நானும் சும்மா இருக்கவில்லை. போன ஞாயிறு பங்காளிகளைக் கூட்டி வைத்துப் பேசினேன். தாத்தா கிணற்றைத் தூர்வாரி, மழைத் தண்ணீரை அதில் திருப்பி, மூன்று போரை நிறுத்திவிட்டு, பழையபடி முறை வைத்து சொட்டுநீரில் பாய்ச்சலாம் என்றேன். மூன்று பேர் சரி என்றார்கள். ஒரு பங்காளி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவருடைய போரில்தான் இன்னும் நல்ல தண்ணீர் வருகிறது. அமாவாசைக்கு மறுபடி கூடுகிறோம்.